கயலின் வலது கை

ஈஸ்ட் என்றால் எல்லோருக்கும் பன்னும் ரொட்டியும்தான் ஞாபகம் வருகிறது. இந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் அதுதான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அதை மட்டும் சொன்னேன்.

பட்டினி போட்டால் ஈஸ்ட் வித்து உண்டாக்கத் தயாராகும். அப்போது தன் டி.என்.ஏ. இழையைத் தானே பல இடங்களில் வெட்டிக்கொள்ளும். சீக்கிரமே ஒட்டியும்விடும். எங்கெங்கே வெட்டுகிறது என்று வரைபடம் போடுவது என் வேலை. ஒட்டிவிட்டால் தடம் தெரியாது. ஆகவே ஒட்டும் திறனை எடுத்துவிட்ட ரகத்தை வளர்ப்போம். வெட்டுகள் அப்படியே நிற்கும். அந்தச் செல்கள் உருப்படுவதில்லை. அதற்காக யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

என் தங்கை கயலைக் கூடலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவன் பாண்டீஸ்வரன், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். முன்பு விலாவை உடைத்தவன், இந்த முறை வலது கையை முறித்தான். அடிபட்டால் அனுமந்தன்பட்டிக்கு என்னிடம் வருவாள். எலும்பு கூடியதும் எல்லாம் மறந்து திரும்பிப் போய்விடுவாள்.

இந்த முறை நாட்டுக்கட்டே போதும் என்றேன். மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றுவது. அவிழ்க்கலாம், திரும்பக் கட்டலாம்.

"உன் ஈஸ்ட்டுக்குக்கூட வெட்டினது சட்டுனு ஒட்டிக்கிருதுங்கிற. நான் என்னக்கா, அதவிடக் கேவலமா?" என்று சிரிப்பாள். அந்த மாதங்களில் நான்தான் அவளுக்குத் தலைவாரினேன். சோறு பிசைந்து ஊட்டினேன். பிள்ளைபோல வாயைத் திறப்பாள்.

மோரில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்தால் மத்தியானம் அசந்து தூங்குவாள். கட்டை அவிழ்த்து, எலும்பு கூடத் தொடங்கிய இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துவேன். முருங்கைக் குச்சி ஒடிவதுபோல் மெல்லிய ஓசை கேட்கும். பழையபடி கட்டிவிடுவேன். வலியில் அலறி எழுவாள், ஒத்தடம் கொடுப்பேன்.

நான் ஆய்வகம் போயிருந்த ஒரு நாளில் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போடவைத்தாள். அதன்பிறகு ஒட்டிவிட்டது.

"சனிக்கிழம குச்சனூர் கோயிலுக்கு வரச் சொல்லிருக்காகக்கா. கும்பிட்டுட்டு அங்கனருந்து அப்படியே வீட்டுக்குப் போயிருவேன். இனி கை நீட்ட மாட்டேன்னு சொன்னாக."

வெள்ளிக்கிழமையும் மோர் கொடுத்தேன். புளிக்கிறது என்று பாதியில் வைத்துவிட்டாள். நான் கவனித்திருக்க வேண்டும். அம்மிக்குழவியைக் காலுக்குத்தான் ஓங்கினேன். முழங்காலில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு அவளைக் கூடலூருக்கு அனுப்ப முடியாது. அடுத்தது நெற்றியில் விழுந்தது. அதற்கடுத்ததும் நெற்றியில்தான்.

இன்ஸ்பெக்டர் கயலின் எக்ஸ்ரே படங்களை மேசையில் பரப்பிப் பேனாவை நீட்டினார்.

"எதெது அந்தாளு உடைச்சது, எதெது நீங்க உடைச்சது? குறிச்சுக் குடுங்க, மகாலட்சுமி. மேப் போடுறதுதான உங்க வேலை."

பேனாவை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

"நான் எதையும் உடைக்கல மேடம்," என்றேன். "ஒட்ட விடல. அம்புட்டுத்தான்."