நாவக்கொல்லைக்குப் பாதை இல்லை

— செவப்பா இருக்கறது முன்ன இருந்தது. பச்சையா இருக்கறது அதுக்கு பதிலா யாரோ எழுதுனது. ரெண்டையும் இந்த லேப்டாப்பு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டும். ஒரு வரி அடிச்சு முடிச்சவொடனே தானா பதிஞ்சுக்கும் நதியா. நீ அழிச்சாலும், அழிச்சது உள்ள இருக்கும்.

— தெரியும் பார்த்திபன் சார். நானும் கம்ப்யூட்டர்தான் படிச்சேன்.

— அப்ப நீயே படி. மூக்குக் கண்ணாடிய பஸ்லயே வுட்டுட்டேன். காலைல செங்கத்துல ஏறுனது, மலப்பாதையில அத்தினி வளைவு, தல இன்னும் சுத்துது. உனக்கு இந்த ரோடு பழக்கம், செங்கத்துப் பொண்ணு. எந்தத் தெருன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்ட.

— பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்.

— அதான், எப்பவும் பஸ் ஸ்டாண்டு பக்கம். சரி, படி. செவப்புல இன்னா இருக்குது?

— "நாவக்கொல்லை, செவ்வாய்க்கிழமை, மருத்துவ ஜீப் போகும்."

— பச்சையில?

— "நாவக்கொல்லை, பாதை இல்லை, நிறுத்தம்."

— ம். மழையில ரோடு அடிச்சிட்டுப் போய்டுச்சுன்னு எல்லாரும் நம்பிட்டீங்க. இந்த ஆஸ்பத்திரிலேர்ந்து மொத தடவ போனீங்க, பேரு எழுதுனீங்க, மாத்திர குடுத்தீங்க. அதோட சரி. ஆறு வாரமா ஜீப்பு அந்தப் பக்கம் தலையே காட்டல. நேத்து அந்த ஊரு சடையன் நடந்தே வந்து கேட்டப்புறம்தான் தெரியுது, புளி ஏத்துற டெம்போ தெனம் போய்ட்டு வந்துட்டு இருக்குதுன்னு.

— ஆமா சார்.

— ரத்தினம்மா சிஸ்டர் கம்ப்யூட்டர் பாக்கற மோகன வெச்சுக் கிழிச்சுட்டாங்களாமே.

— மாத்திர வாங்க வந்த ஜனங்க முன்னாடியே. "ஒக்காந்த எடத்துல ஒரு ஊரையே அழிச்சுட்டியே, நீ சோறுதான் துன்றியா"ன்னு கேட்டாங்க. மோகன் அண்ணன், "நான் எழுதல சிஸ்டர்"னு ஒரே ஒரு வாட்டி சொன்னாரு.

— நீ அப்ப எங்க இருந்த?

— இதே நாற்காலிலதான்.

— இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு வந்து, வேலைய வுட்டுப் போறேன்னு எழுதிக் குடுக்கறானாம். போன்ல சொல்றப்ப அவன் கொரலே சரியில்ல. அதுக்கு முன்னாடி பாத்துடலாம்னுதான் ஓடியாந்தேன். மாத்துனது யாருன்னு கீழ ஒரு பேரு இருக்கும், படி.

— மோகன்.

— அதான் வரும். இந்த லேப்டாப்புல யாரு கைய வெச்சாலும் அந்தப் பேருதான் வரும். மொத மொத போட்டுக் குடுத்தப்ப மோகன் பேர வெச்சேன். மத்தவங்களுக்கு அப்பால தனித்தனியா போட்டுக்கலாம்னு வுட்டேன். ரெண்டு வருசம் ஆச்சு. என் சோம்பேறித்தனம் அவன் தலைல வுடிஞ்சிருக்குது. சிஸ்டர் முன்னால எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நிக்கறதுன்னு பஸ்ஸு பூரா அதே ரோசன. தேதி பாரு.

— போன மாசம் எட்டாந்தேதி. திங்கக்கிழம. காலைல பதினொண்ணு இருவது.

— இரு இரு. எட்டாந்தேதி மோகன் பிரிண்டரத் தூக்கினு ரிப்பேருக்கு செங்கம் வந்தான். பதினோரு மணிக்கு என் வூட்டுல ஒக்காந்து இட்லி துன்னுக்கினு இருந்தான். அப்ப இங்க யாரு இருந்தது? சிஸ்டருக்கு இதத் தொறக்கவே தெரியாது.

— நான் இருந்தேன் சார்.

— நீ மட்டுமா?

— நான் மட்டும்தான். நான்தான் எழுதுனேன்.

— அடிப்பாவி.

— அண்ணன் பேரு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். நேத்து சிஸ்டர் இதத் தொறக்கச் சொன்னப்ப, என் பேருதான் வரப்போவுதுன்னு நெனச்சுக்கினேதான் தொறந்தேன். மோகன்னு வந்துச்சு. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அத நெனச்சாத்தான் அசிங்கமா இருக்குது.

— அவங்க திட்டும்போது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?

— சொல்லணும்னுதான் எழுந்தேன். திரும்ப ஒக்காந்துட்டேன். அண்ணன் செருப்ப மாட்டிக்கினு போவும்போது என்னப் பாத்து, "வர்றேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுலேர்ந்து சோறு எறங்கல.

— கை தவறிடுச்சா?

— ஆமா சார். கை தவறி...

— நதியா. கை தவறுனா ஒரு எழுத்து போவும், ஒரு வரி போவும். "பாதை இல்லை, நிறுத்தம்"னு கை தவறி யாரும் எழுத மாட்டாங்க. மழ நாளாப் பாத்து எழுதியிருக்கற. அந்த ஊருல எவனாச்சும் வம்பு பண்ணானா? சொல்லு, நான் போய்க் கேக்கறேன்.

— யாரும் ஒண்ணியும் பண்ணல. நல்ல ஜனங்க.

— பின்ன இன்னா, மலைக்காரங்க வூட்டுக்குப் போவக் கூச்சமா? தப்பில்ல. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பேரு கேட்டா சிரிக்கும்ங்க, வயசு கேட்டா புளியமரத்தக் காட்டும்ங்க.

— அப்படிப் பேசாதீங்க சார்.

— சொம்மா தமாசுக்குச் சொன்னேன். சாப்புடறப்ப நாம பேசிக்கறதுதான? போன தடவ நான் வந்திருந்தப்ப நீயுந்தான சிரிச்ச.

— ஆமா. நானும் சிரிச்சேன்.

— சரி, அத வுடு. நாவக்கொல்லையில பேரு எழுதுன லிஸ்டையும் தொறக்கறேன். அதுல எதனா மாத்தியிருந்தா இப்பவே தெரிஞ்சுடட்டும். சிஸ்டருக்குப் பாதி பாதியா சொல்ல முடியாது.

— அது வேணா சார்.

— ஏன் வேணா?

— அதுல ஒண்ணும் இல்ல. நான்தான் ஒத்துக்கினேனே. மோகன் அண்ணன் வந்தவொடனே அதே ஜனங்க முன்னாடி நானே சொல்றேன். அவரு எழுதிக் குடுக்க வேணா, வேலைய நான் வுட்டுடறேன். அத மட்டும் மூடிடுங்க.

— தோ, வந்துடுச்சு. நாப்பத்தி மூணு பேரு. எழுதுனது எழுதுனபடியே இருக்குது. ஒரே ஒரு எடத்துலதான் செவப்பும் பச்சையும் தெரியுது. படிம்மா.

— கண்ணு தெரியல சார்.

— உனக்குமா? ஏன் அழற இப்ப? நவுரு, கிட்டப் போய் நானே பாக்கறேன். கெங்கம்மாள். வயசு அம்பத்தி நாலு. சக்கர, பிரஷரு. நேத்து சடையன் வந்து மாத்திர கேட்டது இந்த அம்மாவுக்குத்தான?

— ஆமா.

— கால் வீங்கி வூட்டோட கெடக்குதுன்னு சொன்னானாமே. நீதான் ஓடிப்போய் ரெண்டு மாசத்துக்கு மாத்திர கட்டிக் குடுத்தியாம். சிஸ்டரே போன்ல சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு எளகின மனசுன்னு.

— அதச் சொல்லாதீங்க சார். தாங்க முடியல.

— இரு, படிக்கறேன். செவப்புல, "பிள்ளைகள், ஒன்று, மகள்." பச்சையில, "பிள்ளைகள், இல்லை." மொத தடவ போன செவ்வாக்கிழம, பதினொண்ணு பதினாலுக்கு எழுதியிருக்கற, பதினொண்ணு பதினஞ்சுக்கு மாத்தியிருக்கற. ஒரு நிமிசத்துல ஒரு பொண்ணு காணாமப் போய்டுச்சு. அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியலையா, உனக்குக் காது கேக்கலையா?

— ரெண்டும் இல்ல.

— பின்ன, ஒரு பொண்ணு இருக்குதுன்னு மொதல்ல உனக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லல சார். சிஸ்டரு, மோகன் அண்ணன் எல்லாரும் சுத்தி நின்னாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கினு, "உங்க பேரு இன்னாங்க"ன்னு கேட்டேன், அதுவும் சொல்லுச்சு. பிள்ளைங்க எத்தினின்னு கேக்கறதுக்கு முன்னாடியே என் கை பாட்டுக்கு ஒண்ணுன்னு அடிச்சிடுச்சு.

— கேட்டியா, இல்லையா?

— அப்பால கேட்டேன். எங்கம்மா என் மொகத்தக்கூடப் பாக்காம, "எனக்கு யாரும் இல்லீங்க மேடம், இல்லன்னே போட்டுக்குங்க"ன்னு சொல்லுச்சு.