மாப்பிள்ளையின் கிதாருக்கு ஏற்ற பிக்கப்

அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள். கிதார் ரிப்பேர் பார்க்கிறவன் கடையில் ஒரு நாற்காலிகூட உருப்படியாக இருக்காது. உங்கள் கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பழசாக வாங்கிய அந்தச் சிவப்புக் கிதாரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். டோன் குமிழை மேலே இழுத்தால் பளிச்சென்று பேசுகிறது, கீழே அழுத்தினால் ஜலதோஷம் பிடித்த மாதிரி முனகுகிறது. உள்ளே, யாரும் வைக்காத இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர். "யாருங்க பாத்த வேலை இது?" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான்தான் பார்த்தேன். சால்டர் சுத்தமாக இருந்தது என்றீர்களே, அதற்கு நன்றி. வாடிக்கையாளர்கள் யாரும் அதையெல்லாம் கவனித்துச் சொல்வதில்லை.

கிதார் என் தங்கை புருஷனுடையது. எங்கள் இசைக்குழுவில் அவர் முன்னால் நின்று வாசிப்பார், நான் பின்னால் நின்று துணைக்குக் கோர்டு தட்டுவேன். குழுவை ஆரம்பித்தது நான், பெயர் வைத்தது நான், ஒலிபெருக்கும் ஆம்ப் என்னுடையது, சாமான் ஏற்றும் வேனும் என்னுடையது. அவர் என் தங்கையைக் கட்டிக்கொண்ட புதிதில் ஒத்திகை பார்க்கச் சும்மா வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தவர், "ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுமா மச்சான்?" என்றார். பாவம், ஆசைப்படுகிறாரே என்று கொடுத்தேன். அன்றிலிருந்து நான் பின்னால். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பின்னால் நிற்கிறவனுக்கு விளக்கு கண்ணைக் கூசாது.

போன மழைக்காலத்தில் அவருடைய கிதார் விசில் அடிக்க ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டினால் போதும், குக்கர் மாதிரி கத்தும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்குள் இருக்கும் மெழுகு காய்ந்துபோனால் அப்படி ஆகும். உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. "இது செத்துப்போச்சு மாப்ள, புதுசு போடணும்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு பெரிய ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவரை மட்டும். போய் வாசித்துக் காட்டிப் பிடித்துவிட்டால் அங்கேயே நிரந்தரம், வீடும் வேறு ஊருக்கு மாறும். "அதுக்குள்ள நல்லதா ஒண்ணு நீங்களே பாத்துப் போட்டுக்குடுங்க மச்சான். உங்க காதத்தான் நம்புறேன்" என்றார். நான் மறுக்கவில்லை. சொந்தக்காரன் வேறு எதற்கு இருக்கிறான்?

ஹம்பக்கர் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு கூத்து. விஷயம் சின்னது. ஒரே பெட்டியில் இரண்டு சுருள். இரைச்சல் வந்தால் ஒன்றை ஒன்று எதிர்த்துப் பேசி அடக்கிவிடும், பாட்டு வந்தால் மட்டும் ஒரே கட்சியில் நிற்கும். நல்ல தம்பதி மாதிரி. ஆனால் அதை விற்கிறவர்கள் எழுதுவதைப் படிக்க வேண்டுமே. கல்யாண விளம்பரமே தோற்றுப்போகும். இது இதமானது, கிள்ளினால் மட்டும் சீறும். அது வெண்ணெய் போன்றது, ஆனால் முதுகெலும்புள்ளது. நானும் மாப்பிள்ளையும் இதே மேஜையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து அதையெல்லாம் படித்துச் சிரித்தோம். உண்மையிலேயே சந்தோஷமான நாட்கள் அவை. நான் அவரை வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

அவர் தேர்ந்தெடுத்ததையே போட்டேன். அருமையான பிக்கப். கூடவே டோன் குமிழுக்குக் கீழே அந்தக் கெப்பாசிட்டரையும் வைத்தேன். முதலில் மிகச் சிறியது. குமிழ் கீழே இருக்கும்வரை உச்ச ஒலிகளை மட்டும் கொஞ்சமாகக் குடித்துவிடும். மேலே இழுத்தால் வழிவிடும். குமிழை இழுக்கலாம் என்பது எனக்கு மட்டும் தெரியும். குமிழ் என்றால் திருகுவதற்கு என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்.

வாசித்துப் பார்த்துவிட்டு, "என்னமோ போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே மச்சான்" என்றார். நல்ல காது. நான் காட்டிக்கொள்ளவில்லை. "கண்ணாடி மாதிரி இருக்கே மாப்ள, உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் வேறு பிக்கப் மாற்றச் சொன்னார். மாற்றினேன், கெப்பாசிட்டரையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். மறுபடி மாற்றச் சொன்னார், மறுபடி பெரிதாக்கினேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டியைக் குழந்தை மாதிரி ஆசையாகப் பிரிப்பார், வாசிப்பார், பிறகு தலையைச் சாய்த்துக் காதைத் தேய்த்துக்கொள்வார்.

மற்றவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்கிறீர்கள். எங்கள் டிரம்மர் சிம்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தொலைத்தவன். அவனுக்கு இடி இடித்தாலும் நன்றாக இருக்கும். பாடகி தன் குரலைத் தவிர வேறு சத்தம் எதையும் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது. என் கிதாரோடு ஒப்பிட்டிருக்கலாம், ஆனால் அது எப்போதுமே மந்தம்தான். இருந்தாலும் நான் கவனமாக இருந்தேன். மாப்பிள்ளை டீ குடிக்க வெளியே போகும்போது குமிழை இழுத்துவிட்டு அந்தக் கிதாரை வாசித்துக் காட்டிவிட்டு, மறுபடி அழுத்தி வைத்துவிடுவேன். திரும்பி வந்து அவர் பாடகியிடம் கேட்பார், "உனக்கு மந்தமா கேக்கல?"

"இல்லண்ணே. இப்பதான் உங்க மச்சான் வாசிச்சாரு, கணீர்னு இருந்துச்சு" என்பாள் பாடகி. அந்தப் பெண் பொய் சொல்லவே இல்லை. இதில் யாருமே பொய் சொல்லவில்லை, ஏறக்குறைய.

அவர் காது டாக்டரிடம் போனார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, காது பொன்னாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் அன்று எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்து அதைச் சொன்னார். "அவரு கீச்சு கீச்சுன்னு சத்தம் வச்சுப் பாத்திருப்பாரு. கிதார் வச்சா பாத்தாரு?" என்றேன். காதை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். பிறகு தலையாட்டினார். படித்த டாக்டரைவிட என்னை நம்பினார் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. சொல்லக் கூடாதுதான்.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று அவரே சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இந்தக் கடையில், அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அப்போதுகூட நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கிதார் மேஜைமேல்தான் கிடந்தது. கை நீட்டினால் குமிழ். ஒரு இழுப்பு.

தங்கைக்காகத்தான் செய்தேன். வேறு ஊருக்குப் போய் அவள் தனியாகத் திண்டாட வேண்டாம் என்று. அவள் அப்படி ஒன்றும் கேட்கவில்லை; புது வீட்டுக்குத் திரைச்சீலைகூட எடுத்து வைத்துவிட்டாள். ஆனால் அண்ணன் என்றால் கேட்காமலே செய்ய வேண்டும், இல்லையா?

இப்போது அவர் ஒரு மரச்சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறார். யார் பேசினாலும் உதட்டையே பார்க்கிறார். மகள் பின்னாலிருந்து கூப்பிட்டால் நன்றாகவே கேட்கும், ஆனால் தனக்குக் கேட்டதை அவர் நம்புவதில்லை. அதனால் அந்தக் குட்டி முன்னால் ஓடிவந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, "அப்...பா" என்கிறது. என்னிடம் அது வேகமாகத்தான் பேசும். "அப்பாக்கு எப்ப மாமா சரியாகும்?" என்று கேட்டது. பார்க்கலாம் என்றேன்.

என்னிடம் சொல்லாமல் கிதாரை விற்றுவிட்டார். அதுதான் இப்படி ஆகிவிட்டது. அவர் வாசிப்பதை நிறுத்தியவுடனே அந்த வயரிங்கைப் பிரித்தெடுத்திருக்கலாம், கடையில்தான் கிடந்தது. ஆனால் இவ்வளவு சுத்தமாகச் செய்த வேலையைக் கலைக்க மனசு வரவில்லை. தொழில்காரர், உங்களுக்குப் புரியும்.

நீங்கள் போய் அவரிடம் சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டதும், உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். அப்புறம் என்னிடம் வந்து, "அவரு என்ன சொன்னாரு மச்சான்?" என்று கேட்பார்.

போவதற்கு முன் ஒரு உதவி. விசில் அடித்த அவருடைய பழைய பிக்கப்பை நான் தூக்கிப் போடவில்லை. மெழுகில் முக்கி என் கிதாரில் போட்டேன். இப்போது நான்தான் முன்னால் நிற்கிறேன். அதே ஸ்டூடியோவுக்கும் போய் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே போதும் என்றுவிட்டார்கள். அவருடைய பிக்கப், அவர் போடும் அதே கம்பி, கம்பியை மீட்ட அவர் விட்டுப்போன அதே வில்லை. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் நான் வாசிக்கிற மாதிரியேதான் கேட்கிறது.

பிக்கப்பில்தான் ஏதோ கோளாறு. நீங்கள் எத்தனையோ கிதார் பார்த்தவர். இதை எடுத்துவிட்டு வேறு எதைப் போடலாம், சொல்லுங்கள்.