மாயாண்டியின் வயது

– வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிரு மீனம்மா. உன் புருசன் கால் வைக்காத லயக் காம்பரா வீட்டுல நீ மட்டும் எதுக்கு?

– உக்காரவா வந்தேன்? ஒங்க தம்பி ஆஸ்பத்திரியில ரத்தம் ஊறாம வெளுத்துப் போயிக் கெடக்காரு. கூடப்பொறந்த நீங்க இங்க சுருட்டு புடிச்சிக்கிட்டு இருக்கீங்க மாமா.

– சின்னராசாவுக்கு என் எலும்புச் சத்தக் குடுக்கக் கொழும்பு வரைக்கும் போகலியா? பொருந்துதுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் வயசுக்கு அடையாளக் கார்டப் பாத்தாங்க. அறுபத்திரண்டு. அறுபது தாண்டினா வேணாம்னுட்டாங்க.

– நீங்களும் சந்தோசமா திரும்பி வந்துட்டீங்க.

– டாக்டரு சொன்னது உனக்கு வெளங்கலியா? வாலிபத்துல ரத்தம் செய்ற விதை எலும்புக்குள்ள ஆயிரக்கணக்குல, வகைவகையா இருக்குமாம். வயசானா முக்காவாசி சும்மா கெடக்கும். ஏதோ நாலஞ்சு விதையோட வாரிசுதான் ஒடம்பு பூரா ஓடுமாம். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஊரே வந்து நின்ன தோட்டத்துல ஒரே குடும்பம் மட்டும் மலை ஏறுற மாதிரி. அந்தக் குடும்பத்துல ஒண்ணு கெட்டதா இருந்தா, அதயும் சேத்துத்தான் அவனுக்கு ஏத்தணும்.

– நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. ஒங்க வயசுன்னு சொல்ற பழனியாண்டி கம்பு ஊனி நடக்காரு. நீங்க போன மழையில சரிஞ்ச பாறையத் தனியாப் பொரட்டுறீங்க.

– கண்ணு வைக்காத.

– அந்தப் போஞ்சித் தோட்டத் துண்டுக்காகத்தான இவ்வளவு வன்மம்? நீங்களே வச்சுக்கங்க.

– வன்மமா? என் மக கல்யாணத்துக்கு அவன் எட்டிப் பாக்கல. இப்ப மட்டும் அண்ணன் வேணுமோ? அவன் அனுப்பித்தான வந்த?

– அவரு போகாதன்னாரு. நேத்து டாக்டரு, 'ஒங்க அண்ணனுக்கு நெசமா அறுபத்திரண்டுதானா'ன்னு கேட்டாரு. இவரு மூச்சு வாங்க வாங்க, ஆமா ஆமான்னாரு. டாக்டரு போனதும் என் கையப் புடிச்சி, 'நான் செத்தாலும் பரவால்ல, அண்ணன் வயச யாரும் கிண்டக்கூடாது'ன்னாரு.

– அவனா சொன்னான்?

– ஒங்களுக்காகத்தான் எதையோ மறைச்சுட்டு சாகக் கெடக்காரு. என்னன்னே தெரியாம நான் தாலியறுக்கணுமா?

– உள்ள வா. கதவச் சாத்து.

– சொல்லுங்க.

– கார்டுல இருக்குற மாயாண்டி நான் இல்ல, எங்க மூத்த அண்ணன். இருபத்திரண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாரு. எனக்கு அப்ப பதிமூணு. தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளு இல்லாட்டி காம்பராவ விட்டு எறக்கிருவாங்க. அம்மா வாய் விட்டு அழக்கூட இல்ல. காரியம் முடிஞ்ச கையோட என்னையக் கொண்டு போயிப் பெரட்டுல நிறுத்தி, 'மாயாண்டி வந்திருக்கான்'னுச்சு. கணக்கப்புள்ளயும் தெரியாத மாதிரி இருந்துட்டாரு. அந்தப் பேர்லதான் பிரசாவுரிமை கெடைச்சிச்சு. செக்பாயிண்டுல காட்டுற கார்டும் அதுதான். நோர்வூட்டுல என் மகன் பாக்குற வாத்தியார் வேலையும் அந்தக் கடுதாசியாலதான்.

– அப்ப இத வெளிய சொன்னா எல்லாம் போயிருமே மாமா.

– போகட்டும். டாக்டர்கிட்ட சொல்லு. குடுக்க வாறவன் பேரு வீரையா, வயசு ஐம்பத்திமூணுன்னு.