பார்க்காமல் சொன்ன ‘யோஷி’

எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டு கம்பீரமாக வீற்றிருக்கும் ஹயாதே கார் அன்பர் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேன்மைமிகு பொறியாளர்களே! ஃபுஜி மலையடிவாரத்து மழையிலும் மூடுபனியிலும் குடை பிடித்து நின்று குரல் வற்றக் கூவிய பெரியோர்களே! பந்தயம் பந்தயம் என்று ஓடிய கணவன்மாரைத் திட்டிக்கொண்டே சோற்றுருண்டை கட்டிக் கொடுத்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலே கைத்தடியை மடியில் சாய்த்து அமர்ந்து, இந்த நொடியும் என் நெஞ்சைப் படபடக்க வைக்கும் ஓட்டுநர் மினெகிஷி சான் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சக்கரக்காரன் ஒரிஹாராவின் தலைதாழ்ந்த வணக்கம்.

ஹயாதேயின் பந்தய வரலாற்றைப் பேசு என்றார்கள். எதைப் பேச? முதல் பந்தயத்தன்று எதிரணிக்காரன் ஒருவன் நம் வண்டியின் முகப்பைப் பார்த்து, “இந்த மூஞ்சியோட மீன் சந்தைக்குப் போங்கப்பா, இங்க எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டானே, அதைப் பேசவா? அதே மூஞ்சி அடுத்த மழையிலே அவனை முந்தியதே, அதைப் பேசவா? மேட்டிலே மிதந்து, வளைவிலே வழுக்காமல் வளைந்து, முப்பத்தொரு முறை முதலில் வந்ததே, அதையா? அதெல்லாம் சங்கத்து மலரில் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது நம் கைக்கு வராத முப்பத்திரண்டாவது கோப்பையைப் பற்றி. நாம் தோற்றதைப் பற்றி.

சிரிக்காதீர்கள் ஐயா.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் ஞாயிறு. நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவிட்டது: வென்றால் அடுத்த ஆண்டும் ஓடலாம், தோற்றால் பந்தயப் பிரிவுக்குப் பூட்டு. எங்கள் அணியின் மேலாளர் குராமோச்சி சான். போன வசந்தத்தில் நம்மை விட்டுப் போனாரே, அவரேதான். வண்டியில் மினெகிஷி சான். இடது பின்சக்கரம் என் பொறுப்பு.

சக்கரம் மாட்டி நட்டை முறுக்கியதும் என்ன செய்வோம்? ரயில் ஓட்டுநர் சிக்னலைச் சுட்டுவாரே, அதைப்போல் விரலை நீட்டி, நட்டைக் கண்ணால் பார்த்து, ‘யோஷி!’ என்று உரக்கச் சொல்வோம். சரியாக இருக்கிறது என்று பொருள். நான்கு சக்கரத்துக்கு நான்கு யோஷி. நான்கும் காதில் விழுந்தால்தான் குராமோச்சி சான் கொடியை உயர்த்துவார். அவர் எண்ணியது குரலை. கண்ணை யார் எண்ண முடியும்?

முப்பத்தொரு சுற்று மிச்சமிருக்கும்போது சக்கரம் மாற்ற வண்டி உள்ளே வந்தது. முறுக்கினேன். விரலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து எதிரணியின் வண்டியும் உள்ளே நுழைந்தது. என் கண் அங்கே போனது. என் வாய் இங்கே ‘யோஷி!’ என்றது.

கொடி உயர்ந்தது. வண்டி பறந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முறுக்கினேனா? முறுக்கினேன். முழுதாக முறுக்கினேனா? தெரியவில்லை. பார்த்தேனா? பார்க்கவில்லை! அவையோரே, பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். நேர்பாதையில் அந்த வண்டி போகும் வேகத்தில் ஒரு சக்கரம் கழன்றால் உள்ளே இருப்பவர் என்ன ஆவார்? வண்டி மூடுபனிக்குள் போகும். என் மூச்சு நிற்கும். சத்தம் கேட்கும், மூச்சு வரும். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று. சொன்னால் வெற்றி போகும், சொல்லாவிட்டால் ஆளே போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்கள். சரிதான். ஆனாலும் யோசித்தேனே, ஏழு சுற்று யோசித்தேனே! அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

எட்டாம் சுற்றில் போய் நின்றேன்.

“குராமோச்சி சான், இடது பின்சக்கரத்துக்கு யோஷி சொன்னேன்ல...”

“ஆமா, காதுல விழுந்துச்சே.”

“சொன்னேன். ஆனா பாக்கல.”

அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். “இதைச் சொல்ல ஏழு சுத்தாய்யா?” என்றார். அவ்வளவுதான். பலகையை எடுத்து ‘உள்ளே வா’ என்று எழுதி, தானே ஓடிப்போய்ச் சுவரோரம் நீட்டினார்.

வண்டி வந்தது. “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு உள்ள கூப்பிட்டீங்க?” என்று மினெகிஷி சான் கத்துகிறார். நான் ஸ்பானரை வைத்து அழுத்துகிறேன். நட்டு ஒரு மயிரிழை நகர்ந்ததா? நகரவில்லை! கல்லுப்போல இருந்தது! விரலை நீட்டினேன், பார்த்தேன், சொன்னேன். வண்டி போனது. ஒன்பது நொடி வித்தியாசத்தில் தோற்றோம். பந்தயப் பிரிவும் மூடப்பட்டது.

மினெகிஷி சான் தலைக்கவசத்தைத் தரையில் அடித்துக் கேட்டார்: “யாரு கூப்பிடச் சொன்னது?” நான் வாயைத் திறப்பதற்குள் குராமோச்சி சான் முந்திக்கொண்டார். “நான்தான். என் கணக்குத் தப்பிப்போச்சு.” அன்றிலிருந்து இந்த இருவரும் பேசிக்கொள்ளவில்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகூடப் போடவில்லை. குராமோச்சி சானின் இறுதிச் சடங்கன்று மினெகிஷி சான் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பினார். நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அன்று பார்க்காமல் சொன்னவன், பிறகு பார்த்தும் சொல்லாதவன் ஆனேன்!

மினெகிஷி சான், அவர் கணக்குத் தப்பவில்லை. தப்பியது என் கண். உங்கள் கோப்பையைத் தொலைத்தவன் நான். உங்கள் நண்பரையும் தொலைத்தவன் நான். மன்னியுங்கள்.

என்ன? என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, அமைதி... “இதைச் சொல்ல நாப்பது வருஷமாய்யா?” என்கிறார். ஆமாம் ஐயா. எழுந்து நிற்கிறார். பார்த்து, பார்த்து, யாராவது கை கொடுங்கள்... “நாளைக்குக் காலைல என்னை அவர் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போ” என்கிறார். வருகிறேன் ஐயா, உங்கள் வாசலிலேயே வந்து நிற்கிறேன்!

பெருமக்களே! முப்பத்திரண்டாவது கோப்பை எங்கே என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கோப்பையைக் கொடுத்துக் குராமோச்சி சான் வாங்கி வந்தது இதோ, மூன்றாம் வரிசையிலே இரண்டு காலில் நிற்கிறது! விரலை நீட்டுகிறேன், யோ...

“பாத்துச் சொல்லுய்யா!” என்கிறார்.

பார்க்கிறேன் ஐயா. நரைத்த தலை. நடுங்கும் கைத்தடி. ஈரக் கண். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

யோஷி!

பத்து நிமிடம் கடந்தும் மணியடிக்காத தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வீட்டுக்குப் போகும்போது பார்த்து ஓட்டுங்கள். வணக்கம்.