உள்ளே யாருமில்லை

காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு தாங்காது, சார். எங்கள் வங்கிக் கிளையில் மரப் பெஞ்சுகளை எடுத்துவிட்டு மெத்தை நாற்காலிகள் போட வைத்தவன் நான்தான். வந்தவர் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறார். இடுப்பாவது வலிக்காமல் காத்திருக்கட்டும் என்பது என் கொள்கை.

என் பதவியின் பெயர் வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி. முன்பு இதே மேசையில் இதே வேலையைப் பார்த்தவருக்குப் புகார் எழுத்தர் என்று பெயர். பெயர் மாறியபோது சம்பளம் ஏறவில்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடி ஏறியது.

அந்த அம்மாளை எல்லோரும் டிரைவிங் மேடம் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மூச்சிரைப்பு உண்டு. வந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து மருந்தை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்.

"என்ன மகிழ்ச்சித் தம்பி, நல்லா இருக்கீங்களா? என் பணமும் உங்ககிட்ட நல்லா இருக்கா?"

அவருடைய புகார் இதுதான். ஒரே நாளில் பெட்ரோல், டயர், மின்கட்டணம் மூன்றுக்கும் காலையில் பணம் கட்டியிருக்கிறார். மாலையில் கார்க் கடன் தவணை வந்தது. நாங்கள் வந்த வரிசையில் கழிக்கவில்லை. பெரியதான தவணையை முதலில் கழித்தோம். கணக்கு காலியாகிவிட்டது. பின்னால் நின்ற சின்னச் செலவுகள் மூன்றும் இருப்பைத் தாண்டின. மூன்றுக்கும் தனித்தனியாக அபராதம். அபராதத்தால் இருப்பு இன்னும் குறைந்தது. அதற்கும் ஓர் அபராதம். அடுத்த தவணை தவறியது. கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் வந்து, வண்டி பழகிய ஒரு பெண் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளை இறக்கிவிட்டுக் காரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

"வந்த வரிசையில கழிச்சிருந்தா ஒரே ஒரு அபராதம் தம்பி. க்யூவுல கடைசியா வந்தவனை முன்னால விட்டுட்டு, நின்னவங்களுக்கு லேட்டுன்னு ஃபைனா?"

அவர் சொன்னது சரிதான், சார். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. பெரியதை முதலில் கழிக்கும் யோசனையே என்னுடையது. அதில் அபராத வசூல் ஏறியதற்காக வங்கித் தலைவர் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார். மேடையில் கொடுக்கும்போது என் பெயரைத் தப்பாகச் சொன்னார் என்றாலும், கேடயத்தில் சரியாகவே பொறித்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டு. அவரோ கடிதம் கேட்டார்: இப்படி மாற்றிக் கழித்தோம், தவறு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டு.

"எங்கிட்ட வண்டி பழகினவங்க இந்த ஊர்ல பாதிப் பேர். ஒவ்வொருத்தர் கையிலயும் அந்தக் கடிதத்தோட நகல் இருக்கும். மத்ததை அவங்க பாத்துக்குவாங்க."

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஊரில் பாதிப் பேர் என் மேசைக்கு முன் நிற்பதையும், கேடயத்தைத் திருப்பிக் கேட்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

"நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இது இருக்கு மேடம்" என்றேன்.

"அப்ப அதைக் காட்டுங்க."

"கீழ இருக்கு. வாங்க, நீங்களே பாருங்க."

அந்த ஒப்பந்தம் என் கணினியிலேயே இருந்தது. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

கீழே இருப்பது பழைய பெட்டக அறை. இப்போது பழைய காகிதங்கள் வைக்கிறோம். கதவு மட்டும் அன்றைய கதவு. அரை ஆள் அகலத்துக்குத் தடிமன். விடுமுறைக்கு முன் மூடிவிட்டால், பூட்டில் வைத்த நேரம் வரும்வரை மேலாளரே வந்து சாவி போட்டாலும் திறக்காது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய பூட்டு நிறுவனத்தின் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அன்று தொடர் விடுமுறைக்கு முந்தைய அரை நாள்.

உள்ளே பையும் செல்போனும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வாங்கிப் பத்திரமாக மேலே என் மேசையருகே உள்ள அலமாரியில் வைத்தேன்.

அறைக்குள் கடைசி அலமாரியைக் காட்டிவிட்டு, "பாத்துட்டு இருங்க மேடம், வந்துடறேன்" என்றேன். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் காற்றாடி பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

அறையை மூட இரண்டு பேர் வேண்டும், இரண்டு சாவி வேண்டும். கேஷியர் வாசலில் நின்று உள்ளே யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கேஷியருக்கு முட்டி வலி. படியின் மேலேயே நின்று தன் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான்.

"உள்ள யாராவது இருக்காங்களா சார்? பேய் கீய்?"

"யாருமில்லை."

"இருந்தாலும் ஓடிப்போயிருக்கும். நீங்க மினிமம் பேலன்ஸ் கேப்பீங்க."

சிரித்துக்கொண்டே மூடினேன். காற்றாடியின் சுவிட்ச் வெளியே இருக்கிறது. அதையும் அணைத்தேன். மின்சாரச் சிக்கனம் எங்கள் வங்கியின் உறுதிமொழிகளில் ஒன்று.

எல்லோரும் கிளம்பிய பிறகு, பெட்டக அறைக்குள் இருக்கும் தொலைபேசியிலிருந்து என் மேசைக்கு அழைப்பு வந்தது. அந்த லைன் வேறெங்கும் போகாது.

"தம்பி, கதவு சாத்திக்கிச்சு. காத்தாடியும் நின்னுபோச்சு. என் பையைக் கொஞ்சம் குடுங்க."

"சிரமத்துக்கு வருந்தறேன் மேடம். லைன்லயே இருங்க."

காத்திருப்பவருக்குப் பாட்டு வரும் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடிக்கு அடியிலிருந்த எண்ணைப் படித்தேன். மறுபடி படித்தேன். அழைத்தால், அந்த அம்மாள் உள்ளே எப்படிப் போனார் என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை வரவழைக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம்.

அலமாரிக்குள் அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் 'வீட்டுக்காரர்' என்று வந்தது. சத்தத்தைக் குறைத்துவைத்தேன்.

பாட்டை நிறுத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தேன். முதலில் என்னைத் திட்டினார். பிறகு கதவைத் தட்டும் சத்தம். அவ்வளவு கனமான கதவில் அது ஏதோ பூச்சி மோதுவதுபோலத்தான் கேட்டது. பிறகு, வண்டி பழக வந்தவருக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார்: "மெதுவா... பதறாத... கிளட்சை விடாத... முன்னால மட்டும் பாரு..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு விசில் அடித்தது. நான் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி... பணம் வேணாம். கடிதமும் வேணாம். கதவைத் திறப்பா."

"அப்போ புகாரைத் திரும்பப் பெறுறீங்களா மேடம்? ஆமான்னு சொன்னா போதும்."

"ஆமா. ஆமாப்பா. ஆமா."

ஒன்றே போதும் என்றேன். கணினியில் புகாரை முடித்துவைத்தேன். முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வரும்; அதைக் கேட்காமல் மூட முடியாது. "எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் தருவீங்க மேடம்?"

விசில் ஒருமுறை இழுத்து அடித்தது.

"அஞ்சு" என்றார்.

நன்றி சொல்லி ரிசீவரை வைத்தேன். விளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவனும் நான்தான். அவர் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது என்பதற்காக அந்த ஐந்து மார்க்கை மட்டும் குறைத்துவிடாதீர்கள், சார். அது அவராக, முழு மனசோடு கொடுத்தது.