மாப்பிள்ளையின் நிம்மதி

உங்கள் போலீஸ் ஆபீஸ் லிஃப்ட் மூன்றாவது மாடியில் லேசாக உதறுகிறது, ஐயா. பெரிய கோளாறு இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பாதி வயசு லிஃப்ட் ரிப்பேர் வேலையிலேயே போனவன், நின்றாலே காலில் தெரிந்துவிடும்.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. தொழிலுக்குக் கொண்டுவந்ததே நான்தான். கூட வேலை செய்பவர்கள் அவனை உம்மணாமூஞ்சி என்பார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ரொம்ப உடைந்துபோனான். பெண்டாட்டி முகம் கொடுப்பதில்லை, பிள்ளைகள் மதிப்பதில்லை என்று குடித்துவிட்டு என் வண்டியில் உட்கார்ந்து அழுவான். "எதுக்கு மாமா இந்தப் பொழப்பு?" என்பான். முதுகைத் தட்டிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். பொய் சொல்வானேன், அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிறகு எங்கேயோ போய்க் கண்ணை மூடி உட்காரப் பழகினான். குடியை விட்டான். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டானாம். நான் திட்டினால்கூடச் சிரித்தான். எனக்கு அப்போது ஐம்பது தாண்டி, எதிலும் பிடிப்பு விட்டுப்போன நேரம். அவனுக்குத் தெரியாமல் நானும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஐயா. முட்டிதான் வலித்தது.

வீட்டிலோ ஓயாத பேச்சு. "என் தம்பி மூஞ்சியப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. நீங்க மட்டும் ஏன் எந்நேரமும் சிடுசிடுன்னு இருக்கீங்க?" வயிறு எரிந்தது. ஒருநாள் அவனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன் மாமா" என்றான். யாருக்கு யார் வேண்டிக்கொள்வது?

எங்களுடையது இரண்டு ஆள் வேலை. ஒருவன் உச்சியில், லிஃப்டின் கம்பிவடம் சுற்றும் உருளை இருக்கும் மோட்டார் அறையில். இன்னொருவன் அடியில், லிஃப்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில். கீழே இருப்பவன் "வெளிய வந்துட்டேன்" என்று குரல் கொடுக்காமல் மேலே இருப்பவன் பொத்தானைத் தொடக் கூடாது. அது பழைய கட்டடம். பள்ளத்திலிருந்து லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. அந்தக் குரலை நம்பித்தான் இறங்குவோம்.

"உருளைக்கு எண்ணெய் விடப்போறேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். அவன் பள்ளத்தில் இறங்கி, தலைக்குச் சற்று மேலே நின்ற லிஃப்டுக்கு அடியில் பெருக்க ஆரம்பித்தான். நான் மெயினைப் போட்டு, கீழே இறக்கும் பொத்தானை அழுத்தினேன். கொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. மெதுவாகத்தான் இறங்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அவன் பழையபடி ஒரு தடவை அலற வேண்டும், அதைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கேட்டதும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

குரல் வந்தது. "மாமா, மிஷின் தானா ஓடுது! உருளையிலேருந்து கைய எடுத்துடுங்க மாமா!"

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நேரத்திலும் என்னைவிட நல்லவனாக இருக்க வேண்டியிருந்தது அவனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரலை எடுக்கவில்லை. லிஃப்ட் பள்ளத்தின் அடியில் தட்டி நிற்கும்வரை எடுக்கவில்லை.

மற்றவர்களைப் போல அவனும் ஐயோ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான், ஐயா. இதை என் மனைவிக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.