ஈயம் வச்ச ராஜா

— அந்தக் குதிரையக் கீழ வைங்க. நான் பேசுறது காதுல விழுதா இல்லையா?

— விழுது றோசலின். இப்பத்தான் குதிரைக்குக் காது ஒட்டியிருக்கேன். கையெடுத்தா பேந்துரும்.

— எங்கூடத் தேயிலைக் கொழுந்தெடுக்குற மீனம்மாவ வேலையவிட்டு நிப்பாட்டிட்டாங்க. மடுவத்துல கொழுந்து நிறுக்கிற தராசுல களவுன்னு சொன்னதுக்கு. ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல அத்தன பேரு முன்னாடி பொய்க்காரிங்கிறான் கணக்கப்புள்ள. நீங்க அவனுக்கு செஸ் பொம்மை ஒட்டுறீங்க.

— தராசு சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஐயா படிக்கல்ல நிறுத்துப் பாத்தாருல்ல? கல்லு சரியா இருந்தா, அவ சொன்னது பொய்தானே புள்ள?

— இன்னைக்குச் சரி. சித்திரையிலேர்ந்து கூடை ததும்பக் கொண்டுபோயும் நிறை பத்தலைன்னு அரைப்பேரு வாங்குனவ நானு. அரை நாள் சம்பளத்துல புள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துனவளும் நானு.

— மெதுவாப் பேசு. ஒத்தச் சுவருதான், அடுத்த காம்பராவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்.

— இந்தா, இந்த ராஜாவத் தூக்கிப் பாரு. வெள்ளக்காரத் தொரை கிளப்புல விட்டுட்டுப் போன செட்டு. மஞ்ச பூத்து, காத்தடிச்சா உருண்டுரும். இப்ப அசையுமா?

— என்ன இப்பிடிக் கனக்குது?

— உள்ள ஈயம். சூட்டோட ஊத்துனா பிளாஸ்டிக்கு உருகிரும். மண்ணுல குழியெடுத்து வார்த்து, ஆறுனதும் உள்ள வச்சு ஒட்டணும். இந்தத் தோட்டத்துல ஈயம் ஊத்தத் தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தான்.

— ஏது ஈயம்?

— கணக்கப்புள்ள ஐயா குடுத்தாரு, முந்தாநாத்து. ‘அமிர்தநாதா, மிச்சம் வைக்காம உருக்கிரு’ன்னாரு.

— மிச்சம் வைக்காமயா? எப்பிடி இருந்துச்சு அது?

— ஈயம் ஈயமாத்தான் இருந்துச்சு.

— எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டேன்.

— வட்டமா, பில்லை பில்லையா. கொழுந்துக் கறையோட.

— முந்தாநாத்துதான் இன்ஸ்பெக்டர் வர்ற சேதி ஆபீசுக்கு வந்துச்சு. இன்னைக்குக் கல்லத் திருப்புனப்ப நான் பாத்தேன். அடியில வட்டக் குழி, வெறுங்குழி. அதுல ஈயம் இருந்தா கல்லு கனக்கும், எங்க கொழுந்து நிறை கொறையும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க நீங்க கரண்டி புடிச்சிருக்கீங்க.

— விடு புள்ள. பெரிய ஆளுங்க செய்யிற வேலை. நமக்கெதுக்கு வம்பு?

— என் மூஞ்சியப் பாருங்க.

— குதிரைக்குப் பசை காயட்டும் புள்ள.

— கணக்கப்புள்ளைக்கு ஈயம் உருக்கத் தெரியாது. இந்தத் தோட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்னு இப்பத்தான் சொன்னீங்க. சித்திரையில அந்தக் கல்லுக்கு ஈயம் ஊத்துனது யாருங்க?